மேடே

ஆபத்தில் சிக்கிய விமானியோ கப்பல் தலைவரோ வானொலியில் மூன்று முறை அடுத்தடுத்துச் சொல்லும் சொல் ‘மேடே’. மே தினத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘எனக்கு உதவ’ என்று பொருள்படும் ‘மெதே’ என்ற பிரெஞ்சு ஒலியே ஆங்கில நாவில் இப்படித் திரிந்தது.

1920களின் தொடக்கத்தில் லண்டனின் கிராய்டன் விமான நிலைய வானொலி அதிகாரி பிரெடெரிக் மாக்ஃபோர்டு இதைப் பரிந்துரைத்தார். அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிசின் லெ பூர்ஜேவுக்குப் பறந்தன. எனவே இரு நாட்டாருக்கும் புரியும் சொல் தேவைப்பட்டது. தந்திக்கு எஸ்.ஓ.எஸ். பொருந்தியது. ஆனால் பேச்சில், இரைச்சலுக்கிடையே, ‘எஸ்’ தெளிவாகக் கேட்காது. 1927 வாஷிங்டன் மாநாடு மேடேயை உலகப் பொதுச்சொல்லாக ஏற்றது.

உடனடி உயிராபத்து இல்லாத அவசரத்துக்கு ‘பான்-பான்’ என்ற தனிச்சொல் உண்டு. இதுவும் பிரெஞ்சு வழி வந்ததே. ‘பான்’ என்றால் பழுது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த ஏவியாங்கா 52 விமானத்தின் குழுவினர் ‘முன்னுரிமை’ கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். ‘அவசரநிலை’ என்றோ ‘மேடே’ என்றோ அறிவிக்கவில்லை. நிலைமையின் கடுமை கட்டுப்பாட்டாளர்களுக்கு எட்டவில்லை. 73 பேர் இறந்தனர்.