நர்ஸின் கைக்காக வந்த உறை



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காபி டம்ளரை வாங்கும்போதுதான் கவனித்தேன், விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. "கருவிகளை ஊறவைக்கிற மருந்து சார். கிளவுஸ் நோயாளியைத் தொடும்போது மட்டும்தான் தருவாங்க" என்றாள். கிளவுஸ் பிறந்த கதையோ இதற்கு நேர்மாறானது.

1889-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தார்கள். அங்கே அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட். அறுவை அரங்கின் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமியைக் கொல்ல அப்போது வெறும் கையைத்தான் மருந்தில் முக்குவார்கள். அதில் கடைசி மருந்து மெர்க்குரிக் குளோரைடு. நம் சித்த வைத்தியர்கள் 'வீரம்' என்பது இதைத்தான், கொடிய நஞ்சு. தினமும் முக்கி முக்கி, அந்தக் குளிர்காலத்தில் ஹாம்ப்டனின் கைகள் புண்ணாகிவிட்டன.

வேறு நர்ஸைப் போட்டுக்கொள்வது எளிது. ஆனால் இவ்வளவு திறமையானவரை இழக்க ஹால்ஸ்டெட்டுக்கு மனமில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி, மெல்லிய ரப்பரில் நீண்ட உறை இரண்டு ஜோடி செய்து வாங்கினார். 1890 ஜூனில் அவரையே மணந்தும் கொண்டார்! (வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு விழித்துக்கொள்ளும்.) கல்யாணத்துக்குப் பிறகு அந்த அம்மா நர்ஸ் வேலையை விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

உறை நோயாளிக்கும் நல்லது என்பது பிறகுதான் புரிந்தது. உதவியாளர்கள் போட்டார்கள், வெகுநாள் கழித்தே டாக்டர்கள். அங்கேயே பணியாற்றிய ஜோசப் பிளட்குட், எல்லோரும் உறை அணிந்தபின் குடலிறக்க அறுவையில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்ததை 1899-இல் எழுதினார். இத்தனை காலம் இது கண்ணில் படாமல் போயிற்றே என்று ஹால்ஸ்டெட்டே பின்னாளில் வியந்திருக்கிறார். அதற்குப் பிறகு கிளவுஸ் நோயாளிக்கானதாகிவிட்டது. நர்ஸின் கை மறந்துபோயிற்று.

இன்று வீரம் இல்லை. குளுட்டரால்டிஹைடு, ஃபார்மலின் இருக்கின்றன. குளுட்டரால்டிஹைடின் ஆவி மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவே வரவழைக்கும். சாதாரண லேட்டக்ஸ் கிளவுஸ் வழியாக அது மெல்லக் கசியும். நைட்ரைல் வேண்டும், அறையில் காற்றோட்டமும் வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் ஆஸ்பத்திரி நடத்தும் என் மாணவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். நாளைக் காலை கருவி கழுவும் அறைப் பக்கம் ஒரு நடை போய், அங்கே என்ன கிளவுஸ் வைத்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.