94 மெகாபிட்டும் 400 கஜமும்

போன மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை. எங்க வீடு மேற்குத் தாம்பரத்துல, முடிச்சூர் ரோடு பக்கம். மழைன்னா அந்தப் பக்கத்துல என்னன்னு 2015-க்கு அப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த மழையில நனைஞ்சுகிட்டு வந்த நெட் கனெக்சன் தம்பிகிட்ட நான் குரலை உசத்திட்டேன். "300 மெகாபிட்டுக்குக் காசு வாங்கறீங்க, 90-ஐத் தாண்ட மாட்டேங்குது, என்னப்பா ஏமாத்து வேலை?" அவன் பதிலுக்குக் கத்தல. "ரவுட்டர் வரைக்கும் சரியாத்தான் சார் வருது"ன்னு சொல்லிட்டு ரெயின்கோட்டை மாட்டிகிட்டுக் கிளம்பிட்டான்.

அவன் போனப்புறம்தான் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். ஒரு லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்துலயே சின்ன ஒயர்ல மாட்டி, ஐபெர்ஃப் சர்வரா ஓடவிட்டேன். என் ரூம்ல இருக்கற பொட்டிலேர்ந்து கிளையண்ட். கறுப்பு ஜன்னல்ல ரெண்டு வரி டைப் பண்ணினா வேலை முடிஞ்சது. இதுல இன்டர்நெட்டே கிடையாது, வீட்டுக்குள்ளயே ஒரு சுத்து. பத்து செகண்ட்ல பதில் வந்துச்சு: 94 மெகாபிட்.

பொட்டி தட்டற மக்களுக்கு இந்த 94 பழைய சிநேகிதன். 100 மெகாபிட் ஈதர்நெட் ஒயர்ல ஒவ்வொரு தடவையும் 1538 பைட் போகும். அதுல நம்ம சரக்கு 1448 பைட்தான். மிச்சமெல்லாம் விலாசம், உறை, இடைவெளி. வகுத்துப் பாத்தா 94 சதவீதம். அதாவது ஜிகாபிட்ல ஓடவேண்டிய ஒயர் 100-க்கு இறங்கிடுச்சு. ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கற எட்டு கம்பியும் வேணும், 100-க்கு நாலு போதும். எட்டுல ஒண்ணு எங்கயோ விட்டுப்போச்சு. பரண் வழியா அந்த ஒயரை இழுத்து ரெண்டு முனையும் கிரிம்ப் பண்ணினது யாருன்னு கேக்காதீங்க.

இந்த மாதிரி நம்ம கையில இருக்கற ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல அளந்து பாக்கற யோசனை எப்ப வந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி உக்காந்து தேடினேன். 1984. நம்ம தாம்பரம் சானடோரியத்துல மெப்ஸ் ஆரம்பிச்ச அதே வருசம். அமெரிக்க ராணுவத்தோட பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரில மைக் மூஸ்னு ஒருத்தர் இருந்தார். 1983 டிசம்பர்ல ஒரு நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரே ராத்திரியில 'பிங்' எழுதினாரே, அவரேதான். நீர்மூழ்கிக் கப்பலோட சோனார் சத்தத்தை வச்சு அந்தப் பேரு. அடுத்த வருசம் டெரி ஸ்லாட்டரியோட சேர்ந்து 'டிடிசிபி' எழுதினார்.

அதுவும் ஒரு பஞ்சாயத்தைத் தீர்க்கத்தான். பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு டிசிபி எழுதியிருந்துச்சு, பிபிஎன் கம்பெனி இன்னொண்ணு எழுதியிருந்துச்சு. யூனிக்ஸ்ல எதை வைக்கறதுன்னு தர்பா முடிவு பண்ணணும். ஒரு ஃபைலை அனுப்பி நேரம் பாக்கலாமேன்னா, அப்ப டிஸ்க்கோட வேகத்தையும் சேர்த்துல்ல அளப்போம்? டிடிசிபி, அனுப்பற டேட்டாவை மெமரியிலயே உண்டாக்கும், அந்தப் பக்கம் வாங்கினதும் தூக்கிப் போட்டுடும். நடுவுல நெட்வொர்க் மட்டும்தான் மிச்சம். அளந்ததுல பெர்க்லிதான் ஜெயிச்சது. 90-களோட கடைசியில இல்லினாய்ல இருந்த என்எல்ஏஎன்ஆர் குழு இதே யோசனையைப் புதுசா எழுதினதுதான் ஐபெர்ஃப். இப்ப நாம ஓட்டற ஐபெர்ஃப்3, 2014-ல ஈஎஸ்நெட் வெளியிட்டது.

1986 அக்டோபர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் லாரன்ஸ் பெர்க்லி லேபுக்கும் நடுவுல 400 கஜம். ஒரு ரயில்வே பிளாட்பாரத்தை ஒரு கோடிலேர்ந்து இன்னொரு கோடி வரைக்கும் நடக்கற தூரம்தான். அந்த இடத்துல நொடிக்கு 32,000 பிட் போய்கிட்டிருந்தது திடீர்னு 40 பிட் ஆயிடுச்சு. நாப்பதாயிரம் இல்லைங்க, வெறும் நாப்பது! ஒயர் அறுந்து போகல. அனுப்பின டேட்டா போய்ச் சேரலன்னு ஒவ்வொரு மெஷினும் திருப்பித் திருப்பி அனுப்ப, எல்லாமா சேர்ந்து வழியை அடைச்சிருச்சு. இரும்புலியூர் ஜங்சன்ல பொங்கலுக்கு முந்தின ராத்திரி மாட்டினவங்களுக்கு இது புரியும். வான் ஜேக்கப்சன் இதைக் குடைஞ்சு, மெதுவா ஆரம்பிச்சு, அடைப்பு தெரிஞ்சா தானே ஒதுங்கிப் போற முறையைக் கொண்டுவந்தார். 1988-ல பேப்பரா வந்துச்சு.

அதே 1986-லதான் இங்க எர்நெட் ஆரம்பிச்சது. ஆரம்ப கால எட்டு இடங்கள்ல நம்ம கிண்டி ஐஐடியும் ஒண்ணு. 9.6 கிலோபிட் லைனுங்க. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் மூலமா, சென்னையும் முதல் பட்டியல்ல இருந்துச்சு. சேலையூர்ல இருக்கற எங்க மாமா அப்ப காலேஜ் படிச்சார். மாணவர்களுக்குக் குடுத்த ஷெல் அக்கவுண்ட்ல படமே வராதாம், வெறும் எழுத்துதான். "கமாண்ட் லைனா? எங்களுக்கு இன்டர்நெட்டே அதுதான்டா"ன்னு இன்னைக்கும் கெத்தா சொல்வார். அந்த 9.6-ல ஒரு மெகாபைட் இறங்க கால் மணி நேரம் ஆகும்.

2002-ல சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில ஐ2ஐ கேபிள் வந்துச்சு. சுமார் 3,200 கிலோமீட்டர். நொடிக்கு 8.4 டெராபிட் வரைக்கும் தாங்கற வடிவமைப்பு. ஆனா கேபிள் எவ்வளவு பெருசா இருந்தாலும் நமக்கு அப்படியே கிடைச்சிடாது. கண்ணாடி இழையில ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சிங்கப்பூர் போய்த் திரும்ப குறைஞ்சது 32 மில்லிசெகண்ட். பழைய டிசிபி, 64 கிலோபைட் அனுப்பிட்டு "வந்துச்சு"ன்னு பதில் வர்ற வரைக்கும் கைகட்டி நிக்கும். கணக்குப் போட்டா 16 மெகாபிட்டுக்கு மேல ஏறாது. அமெரிக்காவுக்குப் போய்வர கால் செகண்ட்னா வெறும் 2 மெகாபிட். இந்த ஜன்னலைப் பெருசாக்கற வழி 1992-லயே வந்தாச்சு, ஆனா ரெண்டு பக்கமும் அதை ஆன் பண்ணியிருக்கணுமே? ஐபெர்ஃப்ல டபிள்யூ, பி-ன்னு ரெண்டு ஆப்சன் இருக்கறது இதுக்குத்தான். ஒண்ணு ஜன்னலைப் பெருசாக்கும், இன்னொண்ணு ஒரே நேரத்துல பல கனெக்சன் திறக்கும். எட்டு கனெக்சன்ல வேகம் எட்டு மடங்கானா குத்தம் ஒயர் மேல இல்ல.

அரசாங்கமும் இதுக்கு நடுவுல கோட்டை நகர்த்திகிட்டே வந்திருக்கு. 2004-ல 256 கிலோபிட் இருந்தா பிராட்பேண்ட். 2013-ல 512. 2023-ல 2 மெகாபிட். நான் அந்தத் தம்பியை நிக்க வச்சுக் கேள்வி கேட்ட 90, இந்தக் கடைசிக் கணக்குக்கே 45 மடங்கு.

ஞாயித்துக்கிழமை காலையில கேம்ப் ரோடு கடையில ரெடிமேட் ஒயர் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாத்தினேன். ஐபெர்ஃப் 941-னு காட்டுச்சு. நெட்டும் முழுசா 300 வந்துச்சு. தம்பிக்குப் போன் போட்டு, "ஒயர் என்னுதுதான்பா போயிருக்கு, நேத்து கத்தினதுக்கு சாரி"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சார், அது என்ன சாஃப்ட்வேர், பேரை வாட்சப் பண்றீங்களா? எனக்கு தினமும் நாலு வீட்டுல இதே கதைதான்"னான்.

பேரோட சேர்த்து, எப்படி ஓட்டறதுன்னு அந்த ரெண்டு வரியையும் அனுப்பி வச்சேன்.