அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு?

1974 மே மாதம் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் தரவுத்தள ஆய்வாளர்களின் கருத்தரங்கு ஒன்று நடந்தது. அதில் இரண்டு கட்சிகள் நேருக்கு நேர் மோதின. ஒரு கட்சிக்குத் தலைமை சார்லஸ் பாக்மன். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஐ.டி.எஸ். என்ற தரவு மேலாண்மை அமைப்பை உருவாக்கியவர், முந்தைய ஆண்டுதான் டூரிங் விருது பெற்றவர். எதிர்க்கட்சிக்கு எட்கர் காட். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஆங்கிலேயர், ஐ.பி.எம்.மில் கணிதவியலாளர்.

மோதல் எதைப் பற்றி என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு கம்பெனியில் அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பாக்மன் வழியில், புரோகிராமர் ஒரு மாலுமி. முதல் பதிவைப் பிடி, அடுத்ததற்குப் போ, அது பெரியதா என்று பார், பெரியதென்றால் குறித்துக்கொள், மறுபடியும் அடுத்தது. எந்தப் பதிவு எதோடு இணைந்திருக்கிறது, எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்க வேண்டும். பதிவுகளை அடுக்கிய விதத்தை யாராவது மாற்றினால் புரோகிராமையும் திருத்தியாக வேண்டும். 1970இல் வெளியிட்ட கட்டுரையில் காட் எதிர்த்தது இந்தப் பிணைப்பைத்தான். தரவை வெறும் அட்டவணைகளாகப் பாருங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், எப்படி எடுப்பது என்பதை எந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம்.

மாலுமி செய்த வேலையையும் இளப்பமாகப் பேச முடியாது. டொனால்ட் நூத் 1968இல் தம் புகழ்பெற்ற நூல்வரிசையின் முதல் தொகுதியை வெளியிட்டபோது, ஒரு செய்முறையை எப்படி அலசுவது என்று காட்ட எடுத்துக்கொண்டது இதையேதான்: எண்களில் பெரியதைக் கண்டுபிடிப்பது. பத்து லட்சம் எண்கள் இருந்தால் 9,99,999 ஒப்பீடுகள் தேவை. அதில் தள்ளுபடி கிடையாது. ஆனால் எண்கள் தாறுமாறாகக் கலந்து கிடந்தால், ‘இதுவரை பெரியது’ என்று குறித்துவைத்ததை அழித்து எழுத வேண்டி வருவது சராசரியாகப் பதின்மூன்று தடவைக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

காட்டின் கணிதத்தில் வேடிக்கை வேறு மாதிரி. அவருடைய உறவு இயற்கணிதத்தில் ‘பெரியதை எடு’ என்று ஒரு செயல் கிடையாது. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்: ஒவ்வொரு சம்பளத்தையும் மற்ற எல்லாச் சம்பளங்களோடும் ஜோடி சேர், யாரிடமாவது தோற்றதையெல்லாம் விலக்கு, மிஞ்சுவது பெரியது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆயிரம் ஊழியர்களுக்கு ஏறக்குறையப் பத்து லட்சம் ஜோடிகள் என்பதுதான் சங்கடம்.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்த வழியும் அதே ஆன் ஆர்பர் கருத்தரங்கில் வெளிவந்தது. ஐ.பி.எம்.மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ‘சீக்வெல்’ என்ற மொழியை அங்கே அறிமுகம் செய்தார்கள். சராசரி, கூட்டுத்தொகை, பெரியதைத் தரும் மேக்ஸ், சிறியதைத் தரும் மின் ஆகியவை மொழிக்குள்ளேயே அமைந்த செயல்கள். சம்பளத்தின் மேக்ஸ் வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். பாய்ஸ் அதே ஆண்டில் மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பால் இளம் வயதிலேயே இறந்துபோனார். சீக்வெல் என்ற பெயர் ஒரு விமானக் கம்பெனியின் வணிக முத்திரையாக இருந்ததால் மொழி எஸ்.க்யூ.எல். ஆயிற்று.

கேட்பவருக்கு வேலை மிச்சம்; தேடும் வேலை எந்திரத்தின் தலையில் விழுந்தது. போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்து 1972இல் வெளியிட்ட பி-ட்ரீ இதற்குக் கைகொடுத்தது. மதிப்புகளை வரிசைப்படுத்தியே வைத்திருக்கும் இண்டெக்ஸ் அது. பெரியது வேண்டுமா, அகராதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதுபோல் வலது ஓரமாகவே இறங்கினால் சில படிகளில் கிடைத்துவிடும்.

கிடைத்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பல ஆண்டுகள் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. இண்டெக்ஸ் பக்கத்திலேயே இருந்தாலும், மேக்ஸ் கேட்டால் அது அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து படிக்கும். புதிய கணக்கீட்டுச் செயல்களைப் பயனரே சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. அதனாலேயே மேக்ஸும் அதன் கண்ணுக்குப் பத்தோடு பதினொன்றாகத் தெரிந்தது. அனுபவசாலிகள் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தார்கள்: இறங்குவரிசையில் அடுக்கச் சொல்லி, முதல் ஒன்றை மட்டும் கேள். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லலாம் என்ற காட்டின் வாக்குறுதி அங்கே கொஞ்சம் நொண்டியது என்றே சொல்ல வேண்டும். 2005இல் வந்த 8.1 பதிப்பில்தான் மேக்ஸும் மின்னும் தாமாகவே இண்டெக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கின.

அதே 2005இல் மைக்ரோசாஃப்ட், புரோகிராம் மொழிக்குள்ளேயே தரவுக் கோரிக்கைகளை எழுத உதவும் ‘லிங்க்’ என்பதை அறிவித்தது. 2007இல் அது சி ஷார்ப் மொழியோடு வெளியானது. இதில் மேக்ஸ் இரண்டு வேடம் போடுகிறது. நினைவகத்தில் உள்ள பட்டியலிடம் கேட்டால், நூத் அலசியதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் ‘ஐக்வெரியபிள்’ வகையிடம் கேட்டால், அது தானாக எதையும் எண்ணுவதில்லை. எழுதிய கோரிக்கையை ஒரு மரவடிவமாக்கி இடைநிலை மென்பொருளிடம் தரும், அது எஸ்.க்யூ.எல்.லாக மாற்றித் தரவுத்தளத்துக்கு அனுப்பும். திரும்பி வருவது ஒரே ஒரு எண். மேக்ஸுக்கு முன்னால் அவசரப்பட்டு, எல்லாவற்றையும் நினைவகப் பட்டியலாக்கும் ‘டூலிஸ்ட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போச்சு: அட்டவணை மொத்தமும் நெட்வொர்க் வழியாக வந்து இறங்கும். இரண்டு வழியிலும் விடை ஒன்றேதான் என்பதால் சோதனையில் இது அகப்படாது.

எஸ்.க்யூ.எல்., சி ஷார்ப் என்ற இரண்டு உலகங்களும் முட்டிக்கொள்வது காலி அட்டவணையில்தான். ஊழியரே இல்லாத கம்பெனியில் அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு? எஸ்.க்யூ.எல். ‘நல்’, அதாவது மதிப்பு எதுவும் இல்லை, என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சி ஷார்ப்பின் சாதாரண முழு எண் வகையில் நல்லுக்கு இடமில்லை. அதனால் தொகுப்பில் உறுப்புகளே இல்லை என்று பிழையை வீசி நின்றுவிடும். மேம்பாட்டாளரின் கணினியில் மாதிரித் தரவு இருக்கும், சிக்கல் தெரியாது. புதிய வாடிக்கையாளரிடம் நிறுவிய முதல் நாள்தான் அட்டவணை காலியாக இருக்கும். அதனால் சம்பளத்தை நல்லையும் ஏற்கும் எண் வகையாக மாற்றி மேக்ஸ் கேட்பதும், நல் வந்தால் பூஜ்யம் என்று பக்கத்திலேயே எழுதிவைப்பதும் சி ஷார்ப் புரோகிராமர்களிடையே வழக்கமாகிவிட்டது.