நேட்டால் குடியேறிகளின் பூர்வீகத் தேடல்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்துக் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் உழைக்கச் சென்ற தமிழ்க் குடிகளின் சந்ததியார், தங்கள் வம்சத்தில் முதலில் கடல் கடந்தவர் எந்த ஊரார் என்பதை ஆவணங்களின் துணையாலும் வாய்மொழியாய் வந்த நினைவுகளின் துணையாலும் கண்டறிய முயலும் பிரயத்தனம் இது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூர், திருமழபாடி, ஏலாக்குறிச்சி முதலிய ஊர்கள் அக்காலத்தில் அடங்கியிருந்த திருச்சிராப்பள்ளி ஜில்லாவும், இவ்வாறு ஆட்கள் சென்ற சென்னை ராஜதானி ஜில்லாக்களுள் ஒன்றாகும்.

சென்னையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், 342 பேருடன் அவ்வாண்டு நவம்பர் 16 ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது; பத்து நாட்களுக்குப்பின் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடேர்’ வந்து சேர்ந்தது. 1866 இல் நின்றுபோன இக்குடியேற்றம், 1871 இல் ஊர் திரும்பியவர்கள் கூலி மறுக்கப்பட்டதையும் கசையடி பட்டதையும் சென்னையில் முறையிட்டதன் விளைவாக 1872 இல் ஒரு விசாரணைக் குழு அமைந்து, குடியேறிகளுக்கென ஒரு பாதுகாவலர் பதவியும் ஏற்பட்ட பின்னரே 1874 இல் மீண்டும் தொடங்கிற்று. அடுத்து வந்த தாது வருஷப் பஞ்சம் (1876–78) எத்தனையோ கிராமங்களைக் காலி செய்தது. ஆளெடுப்போர் சொன்ன ஆசை வார்த்தைகளைக்காட்டிலும் பசியே அம்மக்களைக் கப்பலேற்றியது. 1911 இல் இம்முறை முடிவுற்றபோது சென்றிருந்தோர் தொகை 1,52,184. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருபங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்.

இத்தேடலுக்கு ஆதாரம் கப்பல் பட்டியலே. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கி, அவர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்த ஊரில் நிலமில்லாத உழவனின் பெயர் பட்டாவிலும் அடங்கலிலும் ஏறியதில்லை. அவனை வெறும் உழைப்பாகவே மதித்த அந்நிய அலுவலகமோ அவன் முழங்காலிலிருந்த வடுவைக்கூடக் குறித்து வைத்தது. அமெரிக்காவில் 1620 இல் ‘மேஃப்ளவர்’ கப்பலில் வந்திறங்கிய 102 பேரின் வழித்தோன்றல்கள் 1897 இலேயே சங்கம் கூட்டித் தம் முன்னோரைப் பெருமையுடன் பேசத் தொடங்கினர். நேட்டால் தமிழரின் பட்டியல்களோ அப்பெருமைக்கு நிகரான சரித்திரச் செல்வமாயிருந்தும், ‘கூலி’ என்ற வசைச்சொல்லின் நிழலில் நெடுங்காலம் கிடந்தன.

பட்டியலை வாசிப்பதிலும் சிரமமுண்டு. குமாஸ்தா தம் செவியில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் வரைந்த ஊர்ப்பெயரைப் பல ஊர்களுக்குப் பொருத்திப் பார்க்க நேரும். அன்றியும், தந்தையின் பெயரோ சாதிப்பட்டமோ அங்கே நிலையான குடும்பப் பெயராக இறுகிவிட்டது; முதலியார் ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாட்களில் 1909 ஜூலை 6 அன்று உயிர்நீத்த சாமி நாகப்பன் படையாச்சியின் பட்டம் அரியலூர், உடையார்பாளையம் பகுதிகளில் மிகப் பரவலானது. ஆயினும் தஞ்சை, தென்னார்க்காடு ஜில்லாக்களிலும் அது வழங்குவதால், பட்டத்தை மட்டும் கொண்டு ஊரைத் தீர்மானிப்பது தவறாகும்.

ஆகவே, வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் குலதெய்வத்தின் பெயரே பெரும்பாலும் நல்ல வழிகாட்டி. மொழி மறந்த குடும்பங்களிலும் அது மறக்கப்படாதிருப்பதுண்டு. ஒரே தெய்வத்துக்குப் பொங்கலிட்டு முடியிறக்கும் பங்காளிகளை இங்கே தமிழகத்தில் விசாரித்தால், ‘கப்பலேறிப் போன தாத்தா’ ஒருவரைப் பற்றிய பேச்சு எங்கேனும் அகப்படலாம். கத்தோலிக்கக் குடும்பமாயின், வீரமாமுனிவரால் புகழ்பெற்ற ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் போன்ற பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை நாடுதல் வேண்டும்.

இந்திய அரசு 2008 இல் ஒரு பூர்வீகத் தேடல் திட்டத்தைத் தொடங்கியது. நேட்டால் பட்டியல்கள் கணினியிலும் ஏறியுள்ளன. ஜில்லாவின் பழைய எல்லைகள் மாறிவிட்டன என்பதைத் தேடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்: திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995 இல் பெரம்பலூர் பிரிந்தது, அதிலிருந்து 2001 இல் பிரிந்த அரியலூர், 2002 இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாக இயங்கிவருகிறது. திருமானூர் இப்போது அம்மாவட்டத்தில் உள்ளது.