மூன்று படை, மூன்று திட்டம்: மலாயாப் போர் சொல்லும் கூட்டுத் தலைமைப் பாடம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, “பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்து இருந்துச்சு, ஜப்பான்காரங்க பின்பக்கமா வந்துட்டாங்க.” இன்னொன்று, “அவங்க சைக்கிள்ல வேகமா வந்துட்டாங்க.” இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால், இந்த இரண்டை மட்டும் எழுதினால் காரணம் பாதியிலேயே நின்றுவிடும். சாங்கிப் பக்கம் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்ப முடிந்தது. அவை ஜொகூர் பக்கம் சுடவும் செய்தன. குண்டுகளில்தான் குறை இருந்தது. கையிருப்பில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்யப்பட்டவை. பரவி வரும் காலாட்படையைத் தடுக்க அவை அதிகம் உதவவில்லை.

அப்படியானால், தரைவழியாக எதிரி வந்தால் யார் தடுப்பது? ஆகாயப்படையா, தரைப்படையா, கடற்படையா? இந்தக் கேள்விக்கு மூன்று படைகளும் சேர்ந்து ஒரே பதிலைத் தயாரித்து வைக்கவில்லை. ஒரு நாட்டின் முப்படைகளை ஒரே தலைமையின் கீழ் ஒருங்கிணைப்பது ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்ள, நம் வட்டாரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

கடற்படையின் திட்டம்

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் போட்ட கணக்கு எளிமையானது. ஜப்பானுடன் போர் வந்தால் ஐரோப்பாவிலிருந்து பெரிய கப்பற்படை புறப்பட்டு வரும். அது வந்து நிற்கவும் பழுதுபார்க்கவும் ஒரு தளம் வேண்டும். அதற்காகச் செம்பவாங்கில் கட்டப்பட்ட கடற்படைத் தளம் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பற்படை வந்து சேரும்வரை சிங்கப்பூர் தாக்குப்பிடித்தால் போதும் என்பதே திட்டம்.

எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்? முதலில் 42 நாள் என்றார்கள். பிறகு அது 70 நாளானது. 1939இல் ஜெர்மனியுடன் போர் நெருங்கியபோது 90 நாளாகி, அதே ஆண்டு செப்டம்பரில் 180 நாளானது. காத்திருக்க வேண்டிய நாள் கூடக்கூட, தளத்தை மட்டும் காத்தால் போதாது, மலாயாத் தீபகற்பம் முழுவதையும் காக்க வேண்டும் என்ற நிலை வந்தது. 1937இலேயே அப்போதைய தளபதி டாபியும், அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய பெர்சிவலும் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கிழக்குக் கரையில் எதிரி இறங்க முடியும், தாக்குதல் வடக்கிலிருந்தே வரலாம் என்று அவர்கள் கணித்தார்கள்.

ஆகாயப்படையின் திட்டம்

ஆகாயப்படையின் கணக்கு வேறு. எதிரிக் கப்பல்களைக் கடலிலேயே விமானங்கள் தாக்கி மூழ்கடிக்கும், எனவே கரையோரம் முன்னே தள்ளி விமானத்தளங்கள் வேண்டும் என்றது அது. கிளந்தானில் கோத்தா பாரு, கோங் கெடாக், மாச்சாங் ஆகிய இடங்களிலும், பகாங்கில் குவாந்தானிலும், கெடாவில் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி ஆகிய இடங்களிலும் தளங்கள் அமைந்தன. விமானத்தின் பார்வையில் பார்த்தால் இது நியாயம்தான். ஆனால் தரைப்படையிடம் ஒழுங்காகக் கலந்துபேசாமல் இடங்கள் தேர்வாயின. “இந்தத் தளங்களை யாருப்பா காவல் காக்கிறது?” என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது.

காவல் காக்கும் வேலை தரைப்படையின் தலையில் விழுந்தது. 9ஆவது இந்திய டிவிஷனின் ஒரு பிரிகேட் கிளந்தான் தளங்களுக்கும், இன்னொரு பிரிகேட் குவாந்தான் தளத்துக்கும் அனுப்பப்பட்டது. இரண்டுக்கும் இடையே நல்ல சாலைத் தொடர்பு கிடையாது. வடமேற்கில் 11ஆவது இந்திய டிவிஷன் ஜித்ராவில் நிறுத்தப்பட்டது. தற்காப்புக்கு ஜித்ரா அவ்வளவு பொருத்தமான இடம் இல்லை. அலோர் ஸ்டார் விமானத்தளத்தைக் காக்க வேண்டியிருந்ததால்தான் அங்கே நின்றார்கள்.

சரி, காக்க வேண்டிய விமானங்களாவது வந்தனவா? 1941 முடிவதற்குள் 336 விமானங்கள் தேவை என்று லண்டனில் இருந்த படைத்தலைவர்களே கணக்கிட்டார்கள். போர் தொடங்கிய நாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போருக்குத் தயாராக இருந்தவை 158 மட்டுமே. அவற்றிலும் பல பழையவை. ஆக, இல்லாத விமானங்களுக்காகக் கட்டிய தளங்களைக் காக்கப் படை சிதறி நின்றது.

யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

1940 இறுதியில் ஏர் சீஃப் மார்ஷல் புரூக்-பாப்பம் தூரக்கிழக்குத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். பெயர் பெரிது, அதிகாரம் பாதி. மலாயா, பர்மா, ஹாங்காங், போர்னியோ ஆகியவற்றின் தரைப்படையும் ஆகாயப்படையும் அவர் கீழ் வந்தன. கடற்படை வரவில்லை. அதன் தளபதி லண்டனில் இருந்த கடற்படைத் தலைமையகத்துக்கே பதில் சொன்னார். உள்நாட்டு நிர்வாகமும் அவர் கையில் இல்லை. ஆளுநர் ஷென்டன் தாமஸ் குடியேற்ற நாடுகள் அமைச்சுக்குக் கட்டுப்பட்டவர். தரைப்படைக்குப் பெர்சிவல், ஆகாயப்படைக்குப் புல்ஃபோர்ட். போதாக்குறைக்கு லண்டனிலிருந்து டஃப் கூப்பர் என்ற அமைச்சரும் வந்து சேர்ந்தார்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஊர் கூடியிருந்தது, ஆனால் வடம் ஆளுக்கொரு பக்கம் இருந்தது.

டிசம்பர் 8: ஒரே நாளில் தெரிந்த விரிசல்

1941 டிசம்பர் 8, நள்ளிரவுக்குச் சற்றுப் பின், ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். கரையில் இருந்த இந்தியப் பிரிகேட் கடுமையாகச் சண்டையிட்டது. விமானங்களும் முதலில் நன்றாகவே தாக்கின. ஒரு ஜப்பானியப் போக்குவரத்துக் கப்பல் தீப்பற்றியது. ஆனால் அன்று மாலை, எதிரி தளத்தின் வாசலுக்கே வந்துவிட்டான் என்று வதந்தி பரவ, ஆகாயப்படை ஊழியர்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பெட்ரோலும் குண்டுகளும் அழிக்கப்படாமல் கிடந்தன. தளத்தைக் காக்கவே அனுப்பப்பட்ட தரைப்படை வீரர்கள் அப்போதும் கடற்கரையில் போரிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அலோர் ஸ்டாரிலும் இதே கதைதான். விமானத்தளம் கைவிடப்பட்டது. அங்கே எழுந்த புகையும் வெடிச்சத்தமும் ஜித்ராவில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மனத்தைத் தளர்த்தின. எதைக் காக்க அங்கே நிறுத்தப்பட்டார்களோ அது போய்விட்டது, அவர்கள் மட்டும் நின்றார்கள். சில நாட்களில் ஜித்ராவும் விழுந்தது. அந்தச் சண்டைக்குப் பின் ஜப்பானியரிடம் சிக்கிய கேப்டன் மோகன் சிங்தான் பிறகு இந்திய தேசிய ராணுவத்தின் முதல் அமைப்பாளரானார். நம் சமூகத்தின் வரலாறும் இந்த இடத்தில் இந்தப் போரோடு பின்னிக்கொள்கிறது.

டிசம்பர் 10: குவாந்தான் கடல்

டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரு பெருங்கப்பல்களும் நான்கு நாசகாரிக் கப்பல்களுடன் 8ஆம் தேதி மாலை வடக்கே புறப்பட்டன. விமானந்தாங்கிக் கப்பல் எதுவும் உடன் இல்லை. அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ் போர் விமானப் பாதுகாப்புக் கேட்டார். வடக்குத் தளங்கள் கைவிட்டுப் போனதால், அது முடியாது என்று ஆகாயப்படை பதில் அனுப்பியது.

9ஆம் தேதி மாலை எதிரி விமானங்கள் கண்டுவிட்டதால் ஃபிலிப்ஸ் திரும்பினார். வழியில், குவாந்தானில் எதிரி இறங்குவதாகச் செய்தி வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்தச் செய்தி பொய். கப்பல் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று வானொலி மௌனம் காத்ததால், குவாந்தானுக்குப் போவதைச் சிங்கப்பூருக்கும் அவர் சொல்லவில்லை. குவாந்தான் விமானத்தளமோ முந்தைய நாளே காலி செய்யப்பட்டிருந்தது.

10ஆம் தேதி காலை சுமார் 11.15க்குத் தாக்குதல் தொடங்கியது. உதவி கேட்கும் முதல் செய்தியை ‘ரிப்பல்ஸ்’ கப்பலின் தலைவர் டெனன்ட் 11.58க்குத்தான் அனுப்பினார். கப்பற்படைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு விமான அணி செம்பவாங்கில் தயாராக இருந்தது. செய்தி போன அரை மணி நேரத்தில் அது பறந்தது. 12.33க்கு ‘ரிப்பல்ஸ்’ மூழ்கியது. விமானங்கள் வந்து சேர்ந்தபோது ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ மூழ்கிக்கொண்டிருந்தது. 840 பேர் இறந்தார்கள், ஃபிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

சீக்கிரம் கூப்பிட்டிருந்தால் கப்பல்கள் தப்பியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பழைய விமானங்கள் பதினொன்றுதான். ஆனால் ஒன்று நிச்சயம். கடலில் ஒருவர், வானில் ஒருவர், இருவருக்கும் மேலே அந்த வட்டாரத்தில் பொதுவான ஒரு தளபதி இல்லை. ஒருவர் என்ன செய்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியவில்லை.

ஜப்பானியர் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்களா?

இங்கேதான் மாணவர்கள் கவனமாக எழுத வேண்டும். ஜப்பானியத் தரைப்படையும் கடற்படையும் ஒரே தலைமையின் கீழ் இல்லை. இரண்டும் தனித்தனி விமானப்படை வைத்திருந்தன. இரண்டுக்கும் இடையே போட்டி கடுமையாகவே இருந்தது. ஆனாலும் மலாயாப் படையெடுப்புக்கு முன், யார் எதைச் செய்வது என்று இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன. கோத்தா பாருவில் இறங்குவது கடற்படைக்கு ஆபத்தான வேலை. இருந்தும் அட்மிரல் ஓசாவா, தளபதி யாமாஷித்தாவின் திட்டத்துக்குத் துணைநிற்க இசைந்தார். இரு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தவை இந்தோசீனாவிலிருந்து பறந்த கடற்படை விமானங்கள். பினாங்கில் விட்டுச்செல்லப்பட்ட படகுகளைப் பிடித்து, மேற்குக் கரையோரமாகப் பிரிட்டிஷ் படையின் பின்பக்கம் இறங்கியது தரைப்படை.

ஆக, மலாயாவில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு போருக்கான ஒத்துழைப்பு. நிலையான கூட்டுத் தலைமையை அவர்கள் கடைசிவரை உருவாக்கவில்லை. போர் நீண்டபோது அந்தக் குறை அவர்களையும் வாட்டியது.

தோல்வியிலிருந்து வந்த மாற்றம்

1941 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தலைவர்கள் கூடினார்கள். ஒரு போர்க்களத்துக்கு, தரை கடல் வானம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தளபதி வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி மார்ஷல் வற்புறுத்தினார். அதன்படி ஜெனரல் வேவல், பர்மாவிலிருந்து வட ஆஸ்திரேலியாவரை பரந்த ஒரு கூட்டுத் தலைமையை ஜாவாவில் ஜனவரி 15ஆம் தேதி தொடங்கினார். காலம் கடந்துவிட்டது. ஜனவரி 11ஆம் தேதியே கோலாலம்பூர் வீழ்ந்திருந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி பெர்சிவல் புக்கிட் தீமாவில் சரணடைந்தார். 180 நாள் தாங்க வேண்டிய கோட்டை, போர் தொடங்கிய 70ஆவது நாளில் விழுந்தது. வேவலின் தலைமையகமும் பிப்ரவரி 25ஆம் தேதி கலைக்கப்பட்டது.

1943இல் தென்கிழக்காசியத் தலைமையகம் அமைந்தபோது மவுண்ட்பேட்டன் முப்படைகளுக்கும் மேலே அமர்த்தப்பட்டார். முதலில் டெல்லியிலும் 1944 முதல் கண்டியிலும் அது இயங்கியது. அங்கேயும் எல்லாம் சுமுகம் என்று சொல்லிட முடியாது. கடற்படைத் தளபதி சாமர்வில்லுடன் அதிகார எல்லை பற்றிப் பெரிய உரசல் இருந்தது. ஆனால் 1944இல் இம்பால் முற்றுகையிடப்பட்டபோது பலன் தெரிந்தது. சீனாவுக்குச் சரக்கு சுமந்த விமானங்களில் ஒரு பகுதியை மவுண்ட்பேட்டன் திருப்பிவிட்டார். ஒரு டிவிஷனே அரக்கானிலிருந்து வானில் கொண்டுவரப்பட்டது. உணவும் குண்டும் வானிலிருந்து வந்தன. மலாயாவில் பின்வாங்கி ஓடிய அதே இந்திய ராணுவம் அங்கே நிலைத்து நின்றது. வீரர்களின் துணிச்சல் இரண்டு இடத்திலும் இருந்தது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் மற்றப் படைகள் வந்து நின்றனவா என்பதில்தான் வேறுபாடு.

விடை எழுதும்போது

“பிரிட்டிஷார் சரியாகத் திட்டமிடவில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். திட்டம் இருந்தது, ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. அவை எங்கே ஒன்றையொன்று இழுத்தன என்று ஓர் இடத்தையும் ஒரு தேதியையும் வைத்துக் காட்டுங்கள். கோத்தா பாரு, ஜித்ரா, குவாந்தான் மூன்றில் ஒன்று போதும். கூடவே, ஐரோப்பியப் போரால் ஏற்பட்ட விமானப் பற்றாக்குறை போன்ற மற்றக் காரணங்களையும் எடைபோடுங்கள். தலைமை ஒன்றாக இருந்திருந்தாலும் இல்லாத விமானம் பறந்துவிடாது.

சிந்திக்கச் சில கேள்விகள்:

1. விமானத்தளங்களின் இடத்தேர்வு தரைப்படையின் நிலையை எவ்வாறு பாதித்தது? இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

2. “புரூக்-பாப்பமிடம் கடற்படையும் இருந்திருந்தால் டிசம்பர் 10 நிகழ்ந்திருக்காது.” இக்கூற்றை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?

3. ஒரு போருக்கான ஒத்துழைப்புக்கும் நிலையான கூட்டுத் தலைமைக்கும் உள்ள வேறுபாட்டை ஜப்பானின் அனுபவத்தைக் கொண்டு விளக்குக.