கண்ணாடி ஏரியும் கண்ணாடித் தகடும்

1861ஆம் ஆண்டுக் கோடையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் ஏறத்தாழ ஒரு டஜன் கோவேறு கழுதைகள் இறங்கின. முதுகில் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கட்டுக்கட்டாகக் கண்ணாடித் தகடுகள். கூடவே, சொல்லிச் செய்யவைத்த ராட்சத மரக் கேமரா ஒன்று. அதன் சொந்தக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸுக்கு அப்போது 31 வயது. 18க்கு 22 அங்குலத் தகட்டில் படம் பிடிக்கும் கேமரா அது. நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி பரவாத காலம். தகட்டின் அளவுதான் படத்தின் அளவு. மலையைப் பெரிதாகக் காட்ட விரும்பியவர் பெரிய கண்ணாடியைச் சுமந்தே ஆகவேண்டும்.

சுமப்பதோடு வேலை முடிவதில்லை. கொலோடியன் என்ற பசைக் கரைசலைக் கண்ணாடியில் சீராக ஊற்றி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயும் முன்பே கேமராவில் வைத்துப் படமெடுத்து, அதே ஈரத்தோடு மறுபடி கூடாரத்துக்கு ஓடிக் கழுவவேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சில நிமிடங்கள்தான் அவகாசம். லென்ஸ் மூடியைக் கழற்றிப் பல நொடிகள் வரை, சில சமயம் அதற்கும் மேலாக, காத்திருக்கவேண்டும். அதற்குள் காற்று அசைந்தால் மரங்கள் புகையாகிவிடும். நீரில் விழுந்த மலை கலைந்து போய்விடும்.

மலைப் பள்ளத்தாக்குகளில் வெயில் ஏற ஏறத்தான் காற்று கிளம்பும். விடியற்காலையில் நீர் அசையாது. யோசெமிட்டியில் இதற்குப் பேர்போன இடம் மிரர் லேக். பாறைகள் சரிந்து டெனாயா ஓடையை மறித்ததால் தேங்கிய சிறிய ஏரி அது. பக்கத்திலேயே ஹாஃப் டோம் பாறை பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறக்குறைய 4,700 அடி நிமிர்ந்து நிற்கிறது. இத்தனை உயரச் சுவர்கள் மறைப்பதால் ஏரிக்குச் சூரியன் தாமதமாகத்தான் வரும். மேலே சிகரம் ஒளி பெற்ற பிறகும் கீழே நீர் நெடுநேரம் நிழலிலேயே கிடக்கும். நிழல் நீரில்தான் பிம்பம் அழுத்தமாக விழும். காற்று எழுமுன் அதைப் பார்த்துவிட வேண்டுமென்று 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளும் அதிகாலையிலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஏரியில் படமெடுப்பதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மிதமிஞ்சிய உணர்திறன் கொண்டது. வானம் முழுவதும் வெளுத்துப் போய்விடும். அதே காலத்துப் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் வேறு நெகட்டிவிலிருந்து மேகங்களை எடுத்து ஒட்டினார். வாட்கின்ஸின் ஏரிப் படங்களில் அந்த ஒட்டுவேலைக்குத் தேவையே எழவில்லை. மேலே வெறுமையாக நிற்கும் வானத்துக்கு ஈடாகக் கீழே தலைகீழ் மலை ஒன்று தகட்டை நிரப்பிவிடுகிறது. வெறும் அழகு மோகத்தால் மட்டும் நீரில் விழும் மலையைப் படமெடுக்கும் மரபு வேர்விட்டது என்று சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம். ரசாயனம் விதித்த கட்டாயத்தை அவர் கலையாக்கினார்.

அந்தப் பயணத்தில் அவர் கொண்டுவந்தவை 30 பெரிய தகடுகளும் நூற்றுக்கு நெருக்கமான ஸ்டீரியோ படங்களும். 1862 டிசம்பரில் நியூயார்க்கின் கூபில் காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டன. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஜூன் 30 அன்று, பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகக் காக்கும் சட்டத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். அவர் கலிபோர்னியாவில் கால் வைத்ததே இல்லை. படங்கள் மட்டுமே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு யோசெமிட்டி கண்ணால் கண்ட இடமானது அவற்றால்தான்.

அந்தப் படங்களில் ஆளரவமற்ற ஆதி நிலம்போலத் தெரிவது உண்மையில் பத்து வருடத்துக்கு முன் காலிசெய்விக்கப்பட்ட ஊர். 1851இல் மாரிப்போசா படை அவானீச்சி மக்களைத் துப்பாக்கி முனையில் விரட்டியது. அவர்களின் தலைவர் பெயர்தான் டெனாயா ஓடைக்கு. பிறகு சிலர் திரும்பி வந்து அங்கேயே வாழ்ந்தார்கள். மலையின் பிம்பத்தை அவ்வளவு பொறுமையாகப் பதிவுசெய்த தகடுகளில் அவர்கள் அநேகமாக இல்லை. இந்தப் படங்களைக் கொண்டாடும் எவரும் இதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

மிரர் லேக்கில் பிரதிபலிக்கும் ஒரு மலைக்கு மவுண்ட் வாட்கின்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்தது, மனிதர் நிலைக்கவில்லை. 1870களின் நடுவில் கடனில் மூழ்கித் தன் படக்கூடத்தையும் நெகட்டிவ்களையும் இழந்தார். அவர் எடுத்த படங்களைப் புகைப்படக்காரர் ஐசையா டேபர் தன் பெயரிலேயே அச்சிட்டு விற்றார். வாட்கின்ஸ் அதே இடங்களுக்கு மறுபடி போய் ‘புதிய வரிசை’ என்று முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினார். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் தின்றபோது, கண்பார்வை மங்கிய அந்த முதியவரிடம் எஞ்சியிருந்த சேகரிப்பும் சாம்பலானது. 1910இல் நாபா மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1916இல் அங்கேயே இறந்தார். அதே 1916இல்தான் பின்னாளில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஆன்சல் ஆடம்ஸ், 14 வயதில், கையில் கோடக் பெட்டிக் கேமராவுடன் யோசெமிட்டிக்கு முதன்முறையாக வந்தார்.

ஏரியும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஓடை கொண்டுவரும் மணல் அதை நிரப்புகிறது. குளிர்காலத்தில் உறைந்த நீரை அறுத்துப் பனிக்கட்டி எடுத்த இடம் அது. சாலைகளில் தூவ மணலையும் அங்கிருந்தே வாரினார்கள், அதனால் ஏரி கொஞ்ச காலம் ஆழம் காத்தது. 1971இல் மணல் வாருவது நிறுத்தப்பட்டது. படத்துக்காக ஏரியைப் பிடித்துவைக்காமல் இயற்கையின் போக்கில் விட்ட அந்த முடிவு சரியானதே. இன்று வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பனி உருகி வரும்போதுதான் படமெடுக்கப் போதிய நீர் நிற்கிறது; கோடை முடிவதற்குள் பெரும்பகுதி மணல்திட்டாகிவிடுகிறது, கரையோரம் புல்வெளி முன்னேறி வருகிறது.