வீட்டுக்காரர் எத்தனை தடவை எட்டிப் பார்க்கலாம்?

டாலிகஞ்சுக்குக் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தால், சோபாவுக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நின்று விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். திருடன் என்று கத்தப்போனவன் நல்லவேளையாக வாயில் நுரை இருந்ததால் கத்தவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் பாரிவாலா. (வங்காளத்தில் 'பாரி' என்றால் வீடு. பாரிவாலா நம்ம ஊர் வீட்டுக்காரர்.) அவரிடம் ஒரு சாவி இருந்தது. அதை உபயோகிப்பதில் அவருக்குத் துளிக்கூடக் கூச்சம் இல்லை.

"பயப்படாதீங்க, பார்க்கத்தான் வந்தேன்" என்றார். சமையலறையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "மீனே வாங்குறதில்லையா? குழந்தைக்கு உடம்புக்கு ஆகாதே" என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார். சென்னையில் வீடு தேடியபோது மீன் சமைப்பீர்களா என்று கேட்டுக் கேட்டே எங்களை விரட்டியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஊருக்கு ஊர் வித்தியாசம்!

ஆனால் தங்கமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னங்க, நான் தனியா இருக்கும்போது இப்படித் திறந்துட்டு வந்தா?" என்றாள். நியாயமான கேள்வி. நானோ ஆடிட் துறைக்காரன். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணக்கை நோண்டுவதுதான் பிழைப்பு. நான் ஒருவரை 'இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராதீர்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது? வழக்கம்போல, சண்டை போடுவதற்கு முன்னால் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி வீட்டைப் பற்றி, மீதி இந்த டாலிகஞ்சைப் பற்றி.

நான் வேலூர்க்காரன். இந்தப் பேட்டைக்கும் எங்கள் ஊருக்கும் இருநூறு வருஷத்துச் சம்பந்தம் இருக்கிறது. வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி 1770களின் பாதியில், தூர்ந்துபோன ஆதிகங்கையை வெட்டிப் படகு விடும் கால்வாயாக்கினார். அவர் பெயரில் வந்ததுதான் டாலிகஞ்ச். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. 1799இல் திப்பு சுல்தான் மறைந்த பிறகு அவருடைய பிள்ளைகளைக் கம்பெனி அங்கேதான் வைத்திருந்தது. புரட்சிக்கு அவர்களே காரணம் என்று சந்தேகப்பட்டு, தெற்கே இருந்தால் ஆபத்து என்று கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, அப்போது ரஸாபக்லா என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் குடிவைத்தார்கள். சின்ன வயதில் கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அங்கிருந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கே நானும் மூட்டை கட்டிக்கொண்டு வருவேன் என்று அப்போது தெரியாது.

அவர்களுடைய வீட்டுக்காரர் அரசாங்கம். உதவித்தொகை கொடுப்பதும் அவர்கள்தான், கண்காணிப்பதும் அவர்கள்தான். அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவரான குலாம் முகமது, பிற்காலத்தில் தாமே சொத்துக்காரராகி, 1842இல் தர்மதலாவில் பெரிய பள்ளிவாசல் கட்டினார். நிலுவையில் கிடந்த உதவித்தொகையைக் கம்பெனி 1840இல் கொடுத்ததற்கு நன்றியாக என்று அங்கே கல்வெட்டிலேயே இருக்கிறது. டாலிகஞ்ச் பக்கம் பிரின்ஸ் அன்வர் ஷா ரோட்டில் ஆட்டோ பிடிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்கலாமா என்ற கேள்விக்கு இந்தியாவில் எழுதிவைத்த பதில் இதே கல்கத்தாவில் பிறந்தது. அப்போது தலைநகரம் இதுதானே. 1882 பிப்ரவரி 17ஆம் தேதியிட்ட சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவு, 'எம்' உட்பிரிவு. குடியிருப்பவர் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவருடைய ஆட்களோ நியாயமான நேரங்களில் உள்ளே வந்து நிலைமையைப் பார்க்கவும், குறை இருந்தால் எழுதிக் கொடுக்கவும் விட வேண்டும். அந்தக் குறை குடியிருப்பவரால் வந்தது என்றால் மூன்று மாதத்துக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும். அதே பிரிவில் இன்னோர் இடத்தில், வாடகையை ஒழுங்காகக் கொடுப்பவர் இடைஞ்சல் இல்லாமல் அனுபவிக்கலாம் என்றும் இருக்கிறது. எது நியாயமான நேரம், வருஷத்துக்கு எத்தனை தடவை என்பதெல்லாம் கிடையாது. போதாக்குறைக்கு, தனி ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறாக இல்லாதவரைதான் இந்தப் பிரிவு செல்லும். எங்கள் பாரிவாலாவைக் கேட்டால் உள்ளூர் வழக்கமே தான்தான் என்பார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. முதல் உலகப்போருக்குப் பின் கல்கத்தாவில் வாடகை ஏறியபோது 1920இல் வாடகைச் சட்டம் வந்தது. இரண்டாம் போர்க் காலத்தில் 1943இல் மறுபடி கட்டுப்பாடு. பிறகு 1948, 1950 என்று சட்டங்கள் மாறி, 1956இல் மேற்கு வங்காளக் குடியிருப்புச் சட்டம். பிரிவினையில் கிழக்கிலிருந்து வந்தவர்களால் நகரம் பிதுங்கிக்கொண்டிருந்த நேரம். குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்பது அவசியமான பாதுகாப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 1956 சட்டம் வெளியேற்றுவதற்கு அனுமதித்த காரணங்களின் பட்டியலைப் பாருங்கள். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டிருப்பது ஒன்று. 108ஆம் பிரிவின் 'எம்', 'ஓ', 'பி' உட்பிரிவுகளுக்கு விரோதமாக நடந்திருப்பது இன்னொன்று. அதாவது வீட்டைப் பாழாக்கினாலும், இடித்துக் கட்டினாலும், கேட்காமல் நிரந்தரமாக எதையாவது எழுப்பினாலும் வழக்குப் போடலாம். அந்த நிமிஷத்தில் 'பார்க்க வருவது' என்ற செயலின் அர்த்தமே மாறிவிட்டது. சுவரைப் பார்க்க வருகிறவர் உண்மையில் சாட்சியம் தேட வருகிறார். அந்தப் பையன் யார், மருமகனா, உள்வாடகைக்காரனா? பால்கனியில் எப்போது தடுப்பு வைத்தீர்கள்? குடியிருப்பவர் கதவைப் பாதி திறந்து, கையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு பேசப் பழகினார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. (ஆடிட்டர் வந்தால் கணக்கர்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.)

சண்டை முற்றினால் வாடகையை நேரில் கொடுக்க வேண்டாம், ரென்ட் கன்ட்ரோலர் அலுவலகத்தில் கட்டிவிடலாம். வீட்டுக்காரருக்கு வாசல்படி ஏற வேலையே இல்லை. கிடைக்கிற வாடகையோ வெள்ளையடிக்கக்கூடக் காணாது. வாரிசுகள் பெருகப் பெருக யார் செலவு செய்வது என்று தகராறு வேறு. விளைவை வட கல்கத்தாவிலும் மத்தியிலும் இன்றைக்கும் பார்க்கலாம். அரசமரம் வேர்விட்ட கார்னிஸ், முட்டுக் கொடுத்த பால்கனி, வாசலில் மாநகராட்சி மாட்டிய 'பிபஜ்ஜனக் பாரி' பலகை. அபாயமான வீடு என்று அர்த்தம். அதற்குக் கீழேயே டீக்கடையும் நடக்கும், மேலே குடும்பமும் இருக்கும். வெளியே போனால் உரிமை போய்விடும் என்ற பயம். மழைக்காலம் வந்தால் எங்காவது ஒரு சுவர் சரிந்த செய்தி பேப்பரில் வரும். ஐம்பது வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத வீடு அப்படித்தான் ஆகும்.

டாலிகஞ்சின் தெற்கிலும் கிழக்கிலும் கதை வேறு. அங்கே 1940களின் கடைசியிலும் 1950களின் தொடக்கத்திலும் அகதிகள் காலி நிலத்தில் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் எல்லாம் அப்படி எழுந்தவை. நிலத்துக்காரர்கள் 'பார்க்க' அனுப்பிய ஆட்கள் கையில் தடியோடு வந்தார்கள். அவர்கள் வரும்போது பெண்கள் சங்கு ஊதி அக்கம்பக்கத்தைக் கூட்டினார்கள் என்று அந்தக் காலனிகளின் நினைவுகளில் இருக்கிறது. பூஜையறைச் சங்கை எச்சரிக்கை மணியாக்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்று அதே இடத்தில் மாடி கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் பாரிவாலாவும் அப்படிப்பட்ட குடும்பம்தான். சுவரைத் தட்டும்போது அவர் முகத்தில் இருப்பது சந்தேகம் இல்லை, வேறு ஏதோ என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இப்போதைய சட்டம் என்ன? 1997இல் இயற்றி 2001இல் அமலுக்கு வந்த புதுச் சட்டம், கல்கத்தாவில் மாதம் 6,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து பிளாட் எடுக்கும் நம்மில் பெரும்பாலோர் அந்த வெளிப்பக்கம்தான். அதாவது பதினோரு மாத ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் வேதம். அதில் எழுதாத இடத்தில் மறுபடியும் அதே 1882. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு வரச் சொல்கிறது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் அதையே சொல்லி, சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் வரக்கூடாது என்கிறது. எண்ணிக்கை மட்டும் இவற்றிலும் இல்லை. இங்கிலாந்திலும் 24 மணி நேர எழுத்து அறிவிப்பு உண்டு. எண்ணிச் சொல்வது ஆஸ்திரேலியாக்காரர்கள்தான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 12 மாதத்துக்கு 4 தடவைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் 7 நாள் முன்னறிவிப்பு. விக்டோரியாவில் ஆறு மாதத்துக்கு ஒன்று. அங்கே இருக்கும் என் சிநேகிதன் வீட்டில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் தீபாவளிக்கு மேல் சுத்தம் செய்வார்கள்.

இதையெல்லாம் படித்துத் தெம்பு வந்து, ஒரு நாள் கீழே போய், "மேஷோமஷாய், வருவதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டால் நன்றாக இருக்கும். சாவியும் எங்களிடமே இருக்கட்டும்" என்று என் அரைகுறை வங்காளியில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வரவே இல்லை. போனும் இல்லை. லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்கிக்கொண்டு வரும்போது படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். தங்கமணிக்கு நிம்மதி. எனக்கும் வெற்றி போலத்தான் இருந்தது, முதல் இரண்டு மாதம்.

ஆடி, ஆவணி மழையில் மகள் அறைச் சுவரில் அடியிலிருந்து வெள்ளையாகப் பூத்தது. நாங்கள் ஏதோ பெயிண்ட் கோளாறு என்று பீரோவை நகர்த்தி மறைத்தோம். ஒரு நாள் மத்தியானம் அவள் படிக்கும் மேஜைமேல் கூரைப் பூச்சு தட்டு அகலத்துக்கு விழுந்தது. பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவ்வளவுதான் சொல்வேன், அந்த நினைப்பை நீட்ட விருப்பமில்லை.

கீழே போய்ச் சொன்னேன். செருப்பைக்கூடப் போடாமல் மேலே வந்தார். சுவரைத் தட்டினார். ஓரிடத்தில் 'டக்', அடுத்த இடத்தில் 'பொத்'. "இது நோனா" என்றார். சுவரில் உப்புப் பூப்பதற்கு இங்கே அப்படித்தான் பெயர். கூரையில் விழுந்தது வேறு, மேல்தளக் குளியலறைக் குழாய் உள்ளே கசிகிறது என்று, கொத்தனார் உடைத்துப் பார்ப்பதற்கு முன்பே சொன்னார். "ஜூன் மாசமே காதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் முணுமுணுத்தார். நான் பதில் சொல்லவில்லை. சாவி விஷயத்தில் நான் கேட்டது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் சாவியோடு சேர்த்து அவருடைய காதையும் வாங்கிவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை சாயந்திரம் போன் வரும். மாதத்தின் முதல் ஞாயிறு, மழைக்காலத்தில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒன்று. காலிங்பெல் அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை ஓரடி தள்ளி நிற்பார். காபி உண்டு. மீன் பற்றிய கவலையும் உண்டு. தொழில்புத்தி போகாதே, நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, எந்தச் சுவர், என்ன குறை, யார் செலவு. இரண்டு பேரும் கையெழுத்து. போன தடவை மகளும் அவர் பின்னாலேயே போய்ச் சுவரைத் தட்டிக்கொண்டு வந்தாள். "தாதூ, இங்கே 'பொத்'துன்னு கேட்குது" என்றாள். அவர் காதை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டேன்: தெற்குச் சுவர், தரையிலிருந்து இரண்டடி. பிளம்பர், வெள்ளிக்கிழமை.